உலைக்கு வந்த விளையாட்டுக் கணினி

சென்ற வாரம், இளம் பொறியாளர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் பேசி முடித்துவிட்டுப் பையை எடுக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: “வேலைல இருந்த வரைக்கும் கம்ப்யூட்டர். ரிடையர் ஆன பிறகும் அதேவா மேடம்? அதுவும் யாருமே தொடாத பழைய கம்ப்யூட்டரு?” எல்லோரும் சிரித்தீர்கள். நானும் “கெட்ட பழக்கம், விட முடியல” என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வந்து சேரும் வரை அந்தக் கேள்வி என்னோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. நான் சொன்னது பதில் இல்லை. பதிலைச் சொல்ல வேண்டுமானால் வேணுவின் உலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டர். எண்பதுகளில் வீடுகளுக்கென்று வந்த ஒரு சின்னக் கணினி, உடைந்துபோய்ப் பழைய சாமான் கடையில் கிடந்தது. அதிலிருந்து சிப் எனப்படும் சில்லுகளை மட்டும் பிடுங்கி எடுத்து, நானே ஒரு பலகையில் சாலிடர் வைத்துக் கட்டினேன். ஒரு விசைப்பலகை, ஒரு பழைய டிவி, அவ்வளவுதான். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதன் நினைவகத்தில் அடங்காது. அந்த இடத்துக்குள் ஒரு விளையாட்டு எழுதினேன். பழவேற்காடு ஏரியில் ஒரு படகு போகும். வலை கட்டியிருக்கும் கம்புகளில் மோதாமல் இறால் பிடிக்க வேண்டும். படகு என்று நான் சொன்னால்தான் அது படகு. பார்ப்பவர்களுக்குச் சில வெள்ளைப் புள்ளிகள்.

காலையில் சமையல் முடிந்து, வீட்டில் எல்லோரும் போன பிறகு அதன் முன்னால் உட்காருவேன். இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஒரு ரோலிங் மில்லின் கட்டுப்பாட்டு அறையில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். அங்கே நான் எழுதிய நிரலில் ஒரு வரி பிசகினால், செக்கச் சிவந்த இரும்புக் கம்பி தடம் மாறி நூடுல்ஸ் மாதிரி சுருண்டு எழும்பும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. அதனால் அங்கே எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் பயத்தோடுதான் எழுதப்பட்டது. இந்தப் படகு அப்படியில்லை. மோதினால் மோதட்டும். பாதியில் திரை உறைந்து நின்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போட்டுக்கொள்வேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதுதான் அந்த விளையாட்டின் சுகம். ஓய்வு பெற்ற பிறகுதான் பயமில்லாமல் நிரல் எழுதுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு காலையில்தான் வேணு கூப்பிட்டான்.

வேணுவும் நானும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர்கள். ஆரணியில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம் அவனுடையது. அண்ணன்கள் வயலைப் பார்த்துக்கொண்டார்கள், இவன் இரும்புக்கு வந்தான். ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு மேலாளராகப் போயிருந்தான். டிராக்டருக்கான தண்டுகளை உலையில் சுட்டு, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தும் வேலை அங்கே.

“மாலதி, இன்னா பண்ணினு கீறே?”

“படகு ஓட்டிக்கினு இருக்கேன்.”

“நல்லா ஓட்டு. இங்க எனக்கு ஒரே பேஜாரு. ஃபர்னஸ் கம்ப்யூட்டரு பூட்ச்சி. புதுசுக்கு ஆர்டர் போட்டாச்சு, வர நாளாவும். எங்க ஷாலினி சொல்லுது, அதே சில்லு வச்சி நீ ஊட்ல ஒரு பொட்டி செஞ்சி வச்சிகினு கீறயாமே?”

ஷாலினி அவனுடைய தொழிற்சாலையில் சேர்ந்திருந்த இளம் பொறியாளர். பழைய கணினிகளில் நிரல் எழுதிப் பார்க்கும் எங்கள் சின்னக் குழுவில் அவளும் உண்டு. படகு விளையாட்டில் என்னைவிட அதிக இறால் பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

கணினியை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவது மாதிரி இருந்தது.

உலையின் கட்டுப்பாட்டுப் பேனலைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பழைய போர்டில் இருந்த சின்ன பேட்டரி ஒழுகி, செம்புத் தடங்களை அரித்துவிட்டிருந்தது. ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. ஆனால் நிரலைச் சுமந்திருந்த சில்லு தூரத்தில் இருந்ததால் தப்பித்திருந்தது. அதைக் கழற்றி என் பலகையில் பொருத்தலாம். உலையின் வெப்பத்தைச் சொல்லும் கம்பியை உள்ளே கொடுக்கலாம். வாயு வால்வுக்குப் போகும் கம்பியை வெளியே எடுக்கலாம். ஷாலினியும் நானும் பேனல் அறைக்குள் உட்கார்ந்துவிட்டோம். உலையை இயக்கும் பாபு கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆந்திர எல்லைப் பக்கம் ஆரம்பாக்கத்திலிருந்து வருபவன். இடையில் இட்லிப் பொட்டலத்தை உள்ளே நீட்டி, “நாஷ்டா துண்ணுட்டு பாருங்க மேடம், அது எங்கயும் ஓடிப் பூடாது” என்றான்.

முதலில் வால்வை இணைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு விளக்கை மாட்டினோம். வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் விளக்கு எரிய வேண்டும், மூட வேண்டிய நேரத்தில் அணைய வேண்டும். எரிந்தது. அணைந்தது. ஷாலினி வெப்பக் கம்பியின் இடத்தில் பொய்யான அளவுகளைக் கொடுத்து, ஏற்றியும் இறக்கியும் ஏமாற்றிப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. என் படகு ஓடிய பலகை ஒரு உலையின் மூளையாகிவிட்டிருந்தது. ஷாலினி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேணு அதற்குள் கைப்பேசியில் முதலாளியிடம், “ஆமா சார், ஓடுது சார், இன்னிக்கே லோடு ஏத்திடலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது அறிவு இல்லை, ஒரு பழக்கம். மில்லில் நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பிரிவுத் தலைவர் இருந்தார். எந்த இயந்திரம் முதன்முறையாகச் சரியாக ஓடினாலும் உடனே கையெழுத்துப் போட மாட்டார். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிடுவார். “ஓடாத மெஷினப் பாத்து பயப்படாதீங்க. இப்பத்தான் ஓட ஆரம்பிச்சுதே, அதப் பாத்து பயப்படுங்க” என்பார். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அந்தப் பழக்கம் எங்கள் கால்களிலேயே ஊறிவிட்டது. ஒன்று ஓடியதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அன்றைக்கும் வாசலில் வேப்ப மரத்தடியில் டீ தம்ளரோடு நின்றேன். லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சில நாட்களுக்கு முன் படகு ஏரி நடுவில் உறைந்து நின்றது. எந்த விசைக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டேன், ஓடியது. ஏன் நின்றது என்று நான் பார்க்கவே இல்லை. விளையாட்டுத்தானே.

திரை உறையும்போது படகு இருந்த இடத்திலேயே நிற்கும். உலை என்றால், வால்வு இருந்த நிலையிலேயே நிற்கும். மூடியிருந்தால் உலை ஆறும், நஷ்டம் மட்டும்தான். திறந்திருந்தால் வாயு எரிந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும். திரையில் மட்டும் பழைய எண் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். அதை நம்பி ஒருவன் உலையின் கதவைத் திறப்பான்.

பழைய போர்டில் இதற்கு ஒரு காவல் இருந்தது. கணினி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தனிச் சுற்று. கணினி பேச்சை நிறுத்தினால் அது வாயுவை மூடிவிடும். பேட்டரி அரித்துத் தின்றது அந்தப் பகுதியைத்தான். என் பலகையில் அப்படி எதுவும் கிடையாது. படகுக்கு எதற்குக் காவல்?

இந்த விஷயம் அந்த வளாகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். டீ ஆறிப்போகும் வரை அதை நினைத்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒருமுறைதான் நின்றது, மறுபடி நிற்காமலும் போகலாம். உள்ளே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தோஷம் பிடித்திருந்தது. அதைப் போய் நானே உடைக்க வேண்டும்.

உள்ளே போய்ச் சொன்னேன். “வேணு, வால்வ இதுல மாட்ட வேணாம்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் திரும்பினான். “ஏன், இப்ப இன்னா?”

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். காவல் சுற்று இல்லை என்பதையும் சொன்னேன்.

“ஒரே ஒரு தபா. அதுவும் ஊட்ல. இங்கதான் இவ்ளோ நேரமா ஓடினு கீதே மாலதி. நீயே பாத்தே.”

“ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. அதான் பிரச்சனை. தெரிஞ்சா சரி பண்ணிடுவேன்.”

“காவலுக்கு நாமளே ஒரு சர்க்யூட் போட்டுடலாமே மேடம்?” என்று ஷாலினி கேட்டாள். நல்ல கேள்வி. போடலாம்தான். ஆனால் அவசரத்தில் கட்டிய காவலை யார் காவல் காப்பது? அதைக் கட்டி, தப்பு தப்பாக ஓடவிட்டுச் சோதித்து, நம்பலாம் என்று சொல்வதற்குள் புதிய பேனலே வந்துவிடும். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

வேணு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முகம் மாறிவிட்டிருந்தது. “இப்பத்தான் மொதலாளிகிட்ட ஓடுதுன்னேன். கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாம் வெளிய குந்தினு கீறாங்க. லோடு ஏறலன்னா அவங்க அப்டியே ஊட்டுக்குப் போவணும். நீ இத வெளையாட்டுக்கு வச்சிகினு கீறே. எனக்கு இது பொழப்பு.”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. ஆனால் அந்த உண்மையேதான் என் காரணமும். “அதனாலதான் சொல்றேன். இது விளையாட்டுக்குன்னு செஞ்சது. விளையாட்டுக்குச் செஞ்சதுல நான் என்னென்ன பாக்காம விட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.”

 பாபு கதவருகில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வால்வு திறந்தபடி நின்றால் உலையின் கதவைத் திறக்கப்போவது அவன்தான். அதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அது தாமதமாகத்தான் உறைத்தது. நான் அவன் பக்கம் திரும்பி, “பாபு, வால்வக் கையால ஓட்ட முடியுமா? வெப்பத்த இந்தக் கம்ப்யூட்டர் காட்டும். திறக்கறதும் மூடறதும் நீங்க. பக்கத்துல முள்ளு வச்ச மீட்டர் ஒண்ணும் தனியா இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா மூடிடணும்” என்றேன்.

அவன் வீரம் எதுவும் பேசவில்லை. “முடியும் மேடம். ஆனா அங்கயே நிக்கணும். ஒண்ணுக்குக் கூட போவ முடியாது. இன்னொரு ஆளு வேணும். அப்பறம், இப்ப ஓட்ற ஸ்பீடுல லோடு ஓடாது.”

“ஆள் போடறேன்” என்றான் வேணு, என்னைப் பார்க்காமல். “ஸ்பீடு எவ்ளோ கொறையும்?”

“கொறையும் சார். நெறைய.”

அப்படித்தான் முடிவானது. என் கணினி உலைக்குக் கண்ணாக இருக்கும், கையாக இருக்காது. விளக்கைக் கழற்றினோம். வால்வுக் கம்பியை யாரும் ஆசைப்பட்டு மாட்டிவிடக் கூடாது என்று என் பலகையில் அதற்கான முனையை நானே சாலிடர் உருக்கிப் பிடுங்கிப் போட்டேன். வேணு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது வழக்கமாக ஸ்டேஷன் வரை வண்டியில் கொண்டுவந்து விடுவான். அன்று டிரைவரை அனுப்பினான்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு விபத்தை எதிர்பார்ப்பீர்கள். கணினி உறைந்தது, பாபு பாய்ந்து வால்வை மூடினான், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள் என்று. அனுபவம் சொல்கிறவர்கள் வழக்கமாக அப்படித்தான் முடிப்பார்கள். எதுவும் நடக்கவில்லை. புதிய பேனல் வரும் வரை என் கணினி ஒருமுறைகூட உறையவில்லை. ஷாலினி தினமும் செய்தி அனுப்புவாள்: இன்றைக்கும் நன்றாக ஓடியது மேடம். ஒவ்வொரு செய்தியும் எனக்கு ஒரு குத்து. ஓட வேண்டும் என்றுதானே ஆசைப்பட வேண்டும்? ஒருமுறையாவது நிற்காதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கமும் பட்டேன்.

இதற்கிடையில் உலையின் வேகம் குறைந்ததால் தண்டுகள் தேங்கின. வாடிக்கையாளர் ஒருவர் பொறுக்க முடியாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டார். முதலாளி எல்லோர் முன்னாலும் வேணுவைச் சத்தம் போட்டதாக ஷாலினி சொன்னாள். வேணு என்னைக் கூப்பிடவே இல்லை. புதிய பேனல் வந்த பிறகு என் கணினி ஒரு அட்டைப்பெட்டியில் டிரைவர் கையில் திரும்பி வந்தது. துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள்.

கணினி வந்த பிறகு நான் படகை ஓட்டவில்லை. அது ஏன் உறைந்தது என்று தேட ஆரம்பித்தேன். பயமில்லாமல் நிரல் எழுதும் சுகம் போய்விட்டது, மில்லில் இருந்த பயம் என் வீட்டுக்கே வந்துவிட்டது என்று என் கணவர் கேலி செய்தார். நிரலில் தேடினேன், கிடைக்கவில்லை. மின்சாரத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் தற்செயலாக மாட்டியது. வெயில் ஏறிய ஒரு மதியம், மின்விசிறி நின்றிருந்தபோது, படகு மறுபடி உறைந்தது. நினைவகச் சில்லின் ஒரு கால் சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை. சூடேறி விரியும்போது தொடர்பு விட்டுப்போகிறது. குளிர்ந்தால் சேர்ந்துகொள்கிறது.

காரணம் தெரிந்ததும் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே இன்னொன்று புரிந்தது. வேணுவின் பேனல் அறையில் ஏசி உண்டு. அந்தக் குளிரில் இந்தக் கால் விலகியிருக்காது. ஏசி ஓடிய வரைக்கும் என் கணினி கையாகவும் இருந்திருக்கும். அவன் இழந்த வாடிக்கையாளரை இழந்திருக்க வேண்டாம்.

இதை அவனிடம் சொல்லலாமா என்று சில நாட்கள் யோசித்தேன். சொல்லாவிட்டால் குறைந்தது என் எச்சரிக்கைக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சும். பிறகு நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டுதான் அவன் வேலையை நிறுத்தினேன். இப்போது தெரிந்ததை மட்டும் மறைத்தால் அன்றைக்குச் சொன்னதற்கும் அர்த்தமில்லை. கூப்பிட்டேன். எடுப்பானா என்று சந்தேகமாக இருந்தது. எடுத்தான். நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நான் சொன்னது கரெக்டு” என்றான்.

“ஆமா. ஏசி நிக்காத வரைக்கும்.”

 பின்னால் உலையின் இரைச்சல் கேட்டது. “ஞாயித்துக்கிழம ஊட்ல இருப்பியா?” என்றான்.

வந்தான். ஆரணியிலிருந்து கத்திரிக்காய் ஒரு பை. கணினியின் முன்னால் உட்காரவைத்து எப்படி ஓட்டுவது என்று காட்டினேன். விசையை இரும்பு அடிப்பது மாதிரி அடித்தான். படகு எடுத்த எடுப்பிலேயே கம்பில் மோதியது. மறுபடி ஓட்டினான், மறுபடி மோதியது. என் கணவர் காபி கொண்டுவந்து வைத்ததையும் கவனிக்கவில்லை. ஓட்டிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

“அந்த நாள்ல எல்லாம் பாபு டூட்டி முடிச்சி, கைய கழுவிகினு கேட்டத் தாண்டறத பாத்துட்டுதான் நான் கெளம்புவேன். உன் மேல அவ்ளோ கோவம். ஆனா பாக்காம கெளம்ப முடியல.”

படகு இன்னொரு கம்பில் மோதியது. அவன் நிறுத்தாமல் தொடர்ந்தான்.

“நீ போன்ல ஏசி மேட்டர சொன்னே பாரு. அன்னிக்கே எனக்கு அது தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணிருப்பேன் தெரியுமா?”

“வால்வ மாட்டியிருக்க மாட்ட.”

“மாட்டிருப்பேன். இன்னொரு ஏசி வாங்கிப் போட்டுட்டு மாட்டிருப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவன் சொன்னது அறையிலேயே நின்றது. அவன் பொய் சொல்லவில்லை. வேணு கெட்டவனும் இல்லை, அசட்டையானவனும் இல்லை. பாபு கேட்டைத் தாண்டும் வரை காத்திருந்தவன் அவன். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்க, முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்ட நிலையில், எந்த உண்மையைக் கையில் கொடுத்தாலும் அதைச் சுற்றிப் போக ஒரு வழி தேடியிருப்பான். அவன் நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் அந்த இரண்டாவது ஏசியை வாங்கியிருப்பேன். அன்றைக்கு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததற்கு நான் அவனைவிடக் கெட்டிக்காரி என்பது காரணமில்லை. அந்தத் தண்டுகள் போய்ச் சேராவிட்டால் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. அது ஒன்றுதான்.

உங்களுக்கும் அந்த நாற்காலி வரும். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், போனில் முதலாளி இருப்பார், இயந்திரம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு உங்கள் புத்தியை மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையில் லாபமும் நஷ்டமும் இல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். ரிடையர் ஆன பிறகும் ஏன் கம்ப்யூட்டர் என்று கேட்டீர்களே, அப்படி ஒருவராக இருக்கத்தான். அவர் வேண்டாம் என்றால் கோபப்படுங்கள், சண்டை போடுங்கள், ஸ்டேஷனுக்கு டிரைவரை அனுப்புங்கள். ஆனால் வால்வை மாட்டாதீர்கள். வேணு செய்த பெரிய காரியம் அதுதான். அது அவனுக்கே இன்னும் தெரியாது.